அப்டேட்: இப்பவா, அப்புறமா?

உங்களுக்குத் தெரியுமா? விண்டோஸ் கம்ப்யூட்டர் மாதம் ஒருமுறை, பெரும்பாலும் ஒரு புதன்கிழமை காலையில், ‘ரீஸ்டார்ட் செய்யட்டுமா?’ என்று நச்சரிக்கத் தொடங்குவது தற்செயல் இல்லை. 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்தான் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடும் நாள். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு அவை வரும்போது நமக்கு இரவு பத்தரை. அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. அந்தச் செவ்வாயை ‘பேட்ச் டியூஸ்டே’ என்பார்கள்; பேட்ச் என்றால் மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட். மறுநாளுக்கும் இந்தத் துறையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘எக்ஸ்ப்ளாய்ட் வெட்னஸ்டே’. ஓட்டையைத் தேடி ஆட்கள் கிளம்பும் புதன்.

*

ஏன் புதன்? பேட்ச் வெளியானதுமே ஓட்டை எங்கே இருந்தது என்பதும் அம்பலமாகிவிடுகிறது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் அருகருகே வைத்து, எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். மாறிய இடத்தைச் சுற்றித்தான் சங்கதி இருக்கும். அதுவரை யாருக்கும் தெரியாமல் கிடந்த ஓட்டை, பேட்ச் வந்த மறுநாள் பலருக்குத் தெரிந்த ஓட்டை. ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லித் தள்ளிப்போடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

*

59 நாள். 2017-இல் உலகையே உலுக்கிய ‘வன்னாக்ரை’ தாக்குதலுக்கும், அதைத் தடுத்திருக்கக்கூடிய பேட்ச்சுக்கும் இடையில் இருந்த அவகாசம் இவ்வளவு. மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் பேட்ச்சை வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய கும்பல், அமெரிக்க உளவு நிறுவனத்திடமிருந்து கசிந்த தாக்குதல் கருவிகளை இணையத்தில் கொட்டியது. மே 12 அன்று வன்னாக்ரை கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் ஃபைல்கள் பூட்டப்பட்டன. திறக்க வேண்டுமானால் பிட்காயினில் பணம் கட்டச் சொன்னது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் மட்டும் ஏறக்குறைய 19,000 நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்கள் ரத்தாயின.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று அப்போது பரவலாகப் பேசிக்கொண்டார்கள். உண்மை வேறு. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதாவது, பேட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் போடாமல் விட்டவை.

*

அதற்கும் முன்னால், 2003 ஜனவரி 25 அன்று, ‘ஸ்லாமர்’ என்ற புழு வெறும் 376 பைட் அளவு உடம்போடு பத்தே நிமிடத்தில் உலகம் சுற்றியது. அதற்கான பேட்ச் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாட்டிக்கொண்டவற்றில் பேட்ச்சை எழுதிய மைக்ரோசாஃப்டின் சொந்தக் கம்ப்யூட்டர்களும் சில இருந்தன.

*

சரி, அப்டேட் வந்த நிமிடமே பாய்ந்து போட வேண்டுமா? 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் வேறு கதை சொல்கிறது. போட்டு முடித்து ரீஸ்டார்ட் ஆனபின் சிலருக்கு ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் இருந்த ஃபைல்கள் காணவில்லை. ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தவர்களிடம், பழைய இடத்தில் மிஞ்சியிருந்ததைக் குப்பை என்று நினைத்து அப்டேட்டே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கு நடந்தது என்பது. அந்த நாட்களில் அது எல்லோருக்கும் தானாகப் போய்ச் சேரவில்லை. செட்டிங்ஸுக்குப் போய் ‘அப்டேட் இருக்கிறதா பார்’ என்று தாமாக அழுத்தியவர்களுக்கு மட்டும் போனது. புதுப்பட ரிலீஸுக்கு முதல் காட்சி டிக்கெட் எடுப்பவர்கள் மாதிரி ஆர்வக்காரர்கள். ஃபைல் அழிவதாக முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்கள் முன்பே புகார் எழுதியிருந்தார்கள். புகாருக்கு ‘லைக்’ குறைவாக விழுந்ததால் மேலே ஏறவில்லை.

*

ஆப்பிளும் விலக்கில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று வந்த ஐஓஎஸ் 8.0.1-ஐப் போட்ட புத்தம்புது ஐபோன் 6-களில் சிக்னல் போயிற்று, கைரேகையும் வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள்.

2023 ஜூலையில் நடந்தது இன்னும் வேடிக்கை. அவசரப் பாதுகாப்பு அப்டேட் ஒன்றின் எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தது ஆப்பிள். அந்த எண்ணைப் பார்த்துக் குழம்பிய சில வலைத்தளங்கள், ஃபேஸ்புக் உட்பட, ‘உங்கள் பிரவுசரை ஆதரிக்கவில்லை’ என்று கதவைச் சாத்திவிட்டன. ஓட்டை அடைபட்டது, அடைப்புக்குறி காலை வாரிவிட்டது.

*

‘ஆட்டோ அப்டேட்’ ஆன் செய்து வைத்தால் முதல் நாளே சோதனை எலி ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஐபோனில் புதிய பதிப்பு முதலில் தேடிப் போய்ப் போடுபவர்களுக்குத்தான் கிடைக்கும். தானாகப் போடும்படி விட்டவர்களுக்கு, முதல் கூட்டத்தின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு, ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துத்தான் பரவலாக அனுப்பப்படும் என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகியே சொல்லியிருக்கிறார். கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப் தயாரிப்பவர்கள் முதலில் சிறு சதவீதம் பேருக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம். ஒரே மாடல் போன் வைத்திருக்கும் அண்ணனுக்கு வந்த அப்டேட் தம்பிக்கு வராமல் இருப்பது இதனால்தான். போனில் கோளாறு இல்லை.

*

தாமதம் காப்பாற்றிய கதையும் உண்டு. 2024 மார்ச் 29. லினக்ஸ் உலகில் எங்கும் புழங்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற, ஃபைல்களைச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்ய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று துருவப் போய்க் கிடைத்தது அது. வைத்தவர் வெளியாள்கூட இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்த, முகம் தெரியாத பங்களிப்பாளர். புதியதை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும் லினக்ஸ் வகைகளில்தான் அந்தப் பதிப்புகள் நுழைந்திருந்தன. நிதானமாகப் பழையதையே வைத்திருக்கும், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பைத் தொடவில்லை.

*

தாமதம் கைகொடுக்காத கதை: 2024 ஜூலை 19. நம் நேரப்படி காலை 9.39-க்குக் ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. 78 நிமிடத்தில் தவறு தெரிந்து திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது. ‘எப்போதும் ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம்’ என்று முன்யோசனையோடு செட்டிங் வைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அந்த ஃபைல் பதிப்புக் கணக்கில் வராத ரகம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. தள்ளிப்போடும் பொத்தானை வாடிக்கையாளர் கையில் கொடுத்தது அதற்குப் பிறகுதான். வீட்டு லேப்டாப்கள் இதில் சிக்கவில்லை. கிரவுட்ஸ்டிரைக்குடையது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள்.

*

‘அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆயிடும்.’ நம்மூரில் அதிகம் சொல்லப்படும் காரணம் இது. பாதி நியாயம். பெரிய அப்டேட்டுக்குப் பின் ஓரிரு நாள் போன், படங்களையும் ஃபைல்களையும் மறுபடி அட்டவணை போடும், ஆப்களைப் புதிதாகத் தயார்செய்யும். சூடாகும், சார்ஜ் நிற்காது. பிறகு அடங்கிவிடும். ஆனால் சந்தேகம் ஆதாரமில்லாததும் அல்ல. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கவே செய்தோம் என்றது. சொல்லாமல் செய்ததற்காகப் பிரான்ஸ் 2020-இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும் என்பது தெரியாமல் எத்தனை பேர் புதுப்போன் வாங்கினார்களோ!

*

ஆக, ‘தள்ளிப்போடலாமா?’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த அப்டேட் என்று கேட்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட், பிரவுசர் அப்டேட் இரண்டையும் ஓரிரு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். குரோமுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து வாரா வாரம் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. மூடித் திறந்தாலே போதும், வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு 15-இலிருந்து 16-க்கு, விண்டோஸின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு என்று தாவும் பெரிய அப்டேட்டுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுப்பதில் நஷ்டமில்லை. பழைய பதிப்புக்கான பாதுகாப்பு பேட்ச்கள் அதுவரை வந்துகொண்டே இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் தேர்வு, வெளியூர்ப் பயணம் என்று இருந்தால் முந்தின ராத்திரி எதையும் தொடாதீர்கள்.

*

விண்டோஸில் திரும்பிப் போக வழி உண்டு, ஆனால் பெரிய அப்டேட் போட்ட பத்து நாளுக்குள். போனில் அதுவும் கஷ்டம். ஐபோனின் பழைய பதிப்புக்கு ஒப்புதல் வழங்குவதை ஆப்பிள் கொஞ்ச நாளில் நிறுத்திவிடும். அதன் பிறகு திரும்ப முடியாது. அதனால் பெரிய அப்டேட்டுக்கு முன்னால் போட்டோக்களை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

*

வாட்ஸ்அப்பில் ‘அப்டேட்’ என்று ஏபிகே ஃபைல் (ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் அது அப்டேட் இல்லை. செட்டிங்ஸ், ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர்: போனுக்கு அசல் அப்டேட் வரும் வழி இவ்வளவே.

*

கடைசியாக ஒன்று. ஆண்ட்ராய்டு போன்களுக்கு மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் என்ற வழக்கம் 2015 ஆகஸ்டில் வந்தது. ஒரு வீடியோ மெசேஜை அனுப்பியே போனைக் கைப்பற்றலாம் என்ற ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ ஓட்டை வெளிவந்த கையோடு. உங்கள் போன் எந்த மாதம் வரை பெற்றிருக்கிறது என்பதை, செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பு இருக்கும் இடத்தில், ஒரு தேதியாகக் காட்டும். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு முந்தியது, ஆனால் அப்டேட் தேடினால் ‘உங்கள் போன் புதிய நிலையில் உள்ளது’ என்று வருகிறதா? போன் பொய் சொல்லவில்லை. கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டிருக்கும். இனி வரப் புதிதாக எதுவும் இருக்காது. மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய 2025 அக்டோபர் 14-க்குப் பின், பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக்குப் பதிவு செய்யாத விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களின் நிலையும் இதேதான். இப்படிக் கைவிடப்பட்ட போனில் பாட்டு கேட்கலாம், குழந்தைக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கலாம். பேங்க் ஆப்பை மட்டும் வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.