கோணற் பல்லைச் சீராக்கிய எட்வர்ட் ஆங்கிள்

மட்டக்களப்பு வாவிச் சேற்றில் ஊன்றிய கம்பை ஒரே மூச்சில் சாய்க்க முயன்றால் அது முறியக்கூடும். கயிறு கட்டி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்துவந்தாலோ மெல்ல நகரும். தாடையெலும்பில் ஊன்றிய பல்லும் ஏறக்குறைய இத்தகையதே. மெல்லிய விசை இடைவிடாது அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகின்றது. எதிர்ப்பக்கத்திற் புதிய எலும்பு வளர்ந்து வெற்றிடத்தை நிரப்புகின்றது. சேற்றுக்கு உயிரில்லை, எலும்புக்கு உயிருண்டு. உவமை அவ்வளவில் நிற்க.

இவ்வியல்பைப் பயன்படுத்திக் கோணற் பற்களைச் சீராக்கும் கலையைத் தனித்துறையாக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1855இல் பென்சில்வேனியாவில் பிறந்து, 1878இற் பல்வைத்தியப் பட்டம் பெற்றார். உடல்நலங் குன்றவே, மொன்டானாவிற் செம்மறியாடு வளர்க்கச் சென்றார். கொடும்பனியில் மந்தையை இழந்து பழைய தொழிலுக்கே மீண்டார். அம்மந்தை பிழைத்திருப்பின் இத்துறை யார் கையில் வளர்ந்திருக்குமோ!

கோணலை ஒவ்வொரு பல்லின் குறையாகவே பலர் கண்ட காலம் அது. மேற்றாடையின் முதற் பெரிய கடைவாய்ப்பல்லைத் திறவுகோலாகக் கொண்டு, ஆங்கிள் 1899இல் அனைத்தையும் மூன்று வகுப்புகளாக்கினார். கீழ்க் கடைவாய்ப்பல் அதனோடு முறையாகப் பொருந்தியும் ஏனைய பற்கள் கோணியிருப்பின் முதல் வகுப்பு, கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாவது, முந்தினால் மூன்றாவது. இப்பகுப்பு இன்றும் வழக்கிலுள்ளது. 1900இற் செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கெனவே ஒரு பள்ளியும் நிறுவினார்.

அவரிடம் ஒரு பிடிவாதமும் இருந்தது. சீராக்குவதற்காக ஒரு பல்லையேனும் பிடுங்கலாகாது என்றார். எல்லாப் பற்களையும் ஒழுங்காக நிறுத்தினால் முகமும் அழகுபெறும் என நம்பினார். அழகுக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு அப்பொலோ என்னும் பழைய பளிங்குச் சிலை. வாவிக்கரை மக்களின் முகத்துக்கு அது எங்ஙனம் அளவுகோலாகும்?

பிடிவாதத்தை உடைத்தவர்கள் அவருடைய மாணாக்கரே. அவரிடம் பயின்று ஆஸ்திரேலியா திரும்பிய ரேமண்ட் பெக், விரித்து நிறுத்திய பற்கள் மீண்டும் நெருங்கிக் கோணுவதைக் கண்டார். அந்நாட்டு ஆதிக்குடியினரின் பற்களையும் ஆராய்ந்தார். கரடுமுரடான உணவால் அவர்தம் பற்கள் பக்கவாட்டிலும் தேய்ந்து, தாடையில் இடம் உண்டாயிற்று. மென்மையான உணவு உண்போருக்கு அத்தேய்மானம் இல்லை. ஆதலின் இடமில்லாதவிடத்துச் சில பற்களை அகற்றலாம் என்பது 1954இல் அவர் வெளியிட்ட கருத்து. தேய்மானக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. எனினும் பிடுங்குவதா வேண்டாவா என்பது இன்று பிள்ளைக்குப் பிள்ளை அளந்தே முடிவு செய்யப்படுகின்றது. 1930இல் மறைந்த ஆங்கிள் இதற்கு உடன்பட்டிருக்கமாட்டார்.

அவர் திறவுகோலாகக் கொண்ட கடைவாய்ப்பல்லைப் பெற்றோர் பலர் அறியார். ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, வாயின் பின்புறத்தில் அது முளைக்கின்றது. அதனையும் பாற்பல் எனக் கருதி, "விழுகிற பல்லுத்தானே" என்று சூத்தையைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். அது போனால் அவ்விடத்தில் வேறு பல் முளைப்பதில்லை.