பாட்டுல பேஸ் இருக்கு... உங்க காதுக்கு வருதா? எலெக்ட்ரானிக் பாப் ரசிகர்களுக்கு ஒரு ஹெட்போன் கைடு!

அட்டைப்பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆசையாக வாங்கி வந்து பாட்டைப் போட்டால், 'டொம் டொம்' என ஒரே இரைச்சல். பாடுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல கேட்கும். சிலருக்கு நேர் எதிர். பேஸே இல்லாமல், தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். சரி, வால்யூமைக் கூட்டிப் பார்ப்போம் என்று கூட்டினால், காது வலிக்கிறதே தவிர பாட்டு நன்றாகவில்லை.

பிரச்னை எங்கே இருக்கு? பாட்டிலா, ஹெட்போனிலா? பெரும்பாலும் ஹெட்போனுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில்!

இந்த இசையில் அப்படி என்ன ஸ்பெஷல்?

மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலி 20 ஹெர்ட்ஸில் இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. சாதாரண கிட்டாரின் மிகத் தடித்த கம்பியைத் தட்டினால் வருவது சுமார் 82 ஹெர்ட்ஸ். எலெக்ட்ரானிக் பாப் அதற்கும் கீழே இறங்கி விளையாடும். 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டி.ஆர்-808 டிரம் மெஷினின் கிக் சத்தம் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். இன்றைக்கும் பாப், ஹிப்ஹாப் பாட்டுகளில் 'தும்ம்ம்...' என்று நீளமாக இழுக்கும் அந்தச் சத்தத்துக்கே '808' என்றுதான் பெயர்.

நமக்கும் இது புதுசில்லை. 1986-ல் வந்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களிலேயே இளையராஜா சிந்தசைஸரில் புகுந்து விளையாடியிருப்பார்.

கீழே ஆழமான பேஸ், மேலே 'ட்ஸ் ட்ஸ்' என்கிற ஹை-ஹாட், நடுவில் குரல். இந்த மூன்றையும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் தனித்தனியாகக் காட்டுவதுதான் இந்த இசைக்கேற்ற ஹெட்போன். போன் ஸ்பீக்கரால் அந்த 50 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. அதனால்தான் ஹெட்போன் தேர்வு இங்கே இவ்வளவு முக்கியம்.

பேஸ் எங்கே ஓடிப்போகுது?

பேஸ் நம் காதை எட்டணும்னா, ஹெட்போனுக்கும் காதுக்கும் இடையில் காற்று கசியக் கூடாது. கசிந்தால் முதலில் காணாமல்போவது பேஸ்தான். எவ்வளவு விலை உயர்ந்த இயர்போனாக இருந்தாலும் இதே கதைதான்.

சின்ன டெஸ்ட். பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, இயர்போனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்க. பேஸ் சட்டென்று கூடுகிறதா? அப்படியானால் உங்க காதுக்கு அந்த ரப்பர் டிப் சரியில்லை. பாக்ஸில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று கூடவே வருகிற டிப்களை மாற்றிப் பாருங்க. பலர் அதைப் பிரிப்பதே இல்லை! இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு ஒரு சைஸ்கூட தேவைப்படலாம். காதை முழுசாக மூடும் ஹெட்போன் என்றால், மூக்குக்கண்ணாடிக் காம்பும் தலைமுடியும் இடையில் சந்து உண்டாக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே செக் பண்ணுங்க.

எந்த டைப் யாருக்கு?

பஸ், ரயில் பயணிகளுக்கு: ரப்பர் டிப் உள்ள இயர்போன், அல்லது பின்பக்கம் மூடிய ஹெட்போன். இன்ஜின் இரைச்சலும் பேஸும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இருப்பதால், இரைச்சல் பேஸை விழுங்கிவிடும். ஏ.என்.சி எனப்படும் நாய்ஸ் கேன்சலிங் இப்படிப்பட்ட தாழ்ந்த இரைச்சலைத்தான் சிறப்பாக வெட்டும். பட்ஜெட் இடம் கொடுத்தால் கண்டிப்பாக வாங்கலாம். ரோட்டில் நடக்கும்போது மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, ப்ளீஸ்.

வீட்டில் அமைதியாகக் கேட்பவர்களுக்கு: பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் ஹெட்போன். இசை பரந்து விரிந்து கேட்கும். ஆனால், ஆழமான பேஸின் அந்த 'அடி' பொதுவாகக் குறைவு. பக்கத்தில் இருப்பவருக்கும் உங்க பாட்டு கேட்கும்.

டிப் இல்லாமல் காதின் வாசலில் சும்மா உட்காரும் இயர்பட்ஸ்: போன் பேச வசதி. இந்த இசைக்குக் கடைசி சாய்ஸ்.

பாக்ஸில் எதை நம்பலாம்?

'20 - 20,000 ஹெர்ட்ஸ்' என்பது எல்லா பாக்ஸிலும் இருக்கும். 20 ஹெர்ட்ஸ் எவ்வளவு பலமாகக் கேட்கும் என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயனில்லை. டிரைவர் 50 மில்லிமீட்டர் என்பதால் மட்டும் பேஸ் நல்லா இருக்கும்னும் சொல்ல முடியாது. புளூடூத்தில் ஐபோன்காரர்களுக்கு ஏ.ஏ.சி இருந்தால் போதும். ஆண்ட்ராய்டு என்றால் எல்.டி.ஏ.சி இருப்பது போனஸ். ஆனால், சரியான டிப் தரும் வித்தியாசம் இதைவிடப் பெரிசு.

கடையில் 5 நிமிட டெஸ்ட்

* மனப்பாடமாகத் தெரிந்த 3 பாட்டுகளோடு போங்க. ஒன்று பேஸ் அதிகம், ஒன்று குரல் பிரதானம், ஒன்று எல்லாக் கருவியும் சேர்ந்து முழங்குவது.

* போனில் ஈக்வலைசரை ஆஃப் பண்ணிடுங்க.

* எல்லா ஹெட்போனையும் ஒரே சத்த அளவில் கேளுங்க. கொஞ்சம் சத்தமா ஒலிப்பது எப்பவும் 'செம'ன்னு ஏமாற்றும்.

* கிக் அடித்ததும் சட்டென்று நிற்கிறதா, கொழகொழவென்று அடுத்த அடியோடு கலக்கிறதா?

* 'ச', 'ஸ்' எழுத்துகள் ஊசி மாதிரி குத்தினால், அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். வேண்டாம்.

வால்யூம் ஜாக்கிரதை!

சத்தம் குறையும்போது, நம் காது பேஸை மற்ற ஒலிகளைவிடக் குறைவாக உணரும். அதனால் சரியாகப் பொருந்தாத ஹெட்போனில் பேஸைத் தேடி, கை தானாக வால்யூமுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான்! 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இப்படிக் கேட்கும் பழக்கத்தால் காது பாதிக்கும் அபாயம் இருப்பதாகவும் அந்த நிறுவனம் எச்சரிக்கிறது.

உள்காதின் நுண்முடிச் செல்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'ஙொய்' சத்தம் நீடித்தால், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

ஆக, புதுசு வாங்கக் கிளம்பும் முன், டிராயரில் கிடக்கும் பழைய பாக்ஸைத் திறந்து அந்த மிச்ச டிப்களை ஒருமுறை மாட்டிப் பாருங்களேன். செலவே இல்லாமல் பேஸ் கிடைத்தால் லாபம்தானே பாஸ்!