வெந்தும் வேகாத கறி

ஆட்டுக்கறி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு, அது ஆட்டின் எந்தப் பாகம் என்பதை அறியாமல் விடை கூற இயலாது. கால்கறியை மிருதுவாக்கும் அதே கொதி ஈரலை இறுக்கிவிடுவதற்குக் காரணம், இவ்விரண்டின் உள்ளமைப்பு வேறுவேறாக இருப்பதே.

தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். நுண்ணிய தசையிழைகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து வைக்கும் உறை இணைப்புத்திசு எனப்படும். அதன் முதன்மையான புரதம் கொலாஜன். ஓயாமல் உழைக்கும் கால், கழுத்து, முன்சந்து ஆகிய பகுதிகளில் கொலாஜன் மிகுதி. முதுகை ஒட்டிய சாப்ஸ் பகுதியில் குறைவு. ஆட்டின் வயது கூடக்கூடக் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் பெருகி, அவை எளிதில் கரையாதவையாக மாறுவதால்தான், கறி வாங்குவோர் இளங்கறியா முற்றலா என்று கேட்டு வாங்குகின்றனர்.

சூடேறும்போது தசையிழைப் புரதமும் கொலாஜனும் இறுதியில் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. சுமார் 50 டிகிரி செல்சியஸில் தசையிழைப் புரதங்கள் சுருங்கத் தொடங்குகின்றன. 60 முதல் 65 டிகிரிக்குள் கொலாஜனும் சுருங்கி, தசையிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுவதால், கறி ரப்பர்போல் ஆகிறது. 70 டிகிரியைக் கடந்த பின், ஈரமும் போதிய நேரமும் கிடைத்தால், அதே கொலாஜன் மெல்லமெல்லக் கரைந்து ஜெலட்டின் என்னும் வழுவழுப்பான பொருளாகிறது. வேகவில்லை என்று பலர் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைக்கட்டத்தில்தான். அப்போது தேவைப்படுவது கூடுதல் தீயன்று, கூடுதல் நேரம். ஆட்டுக்கால் பாயா விரலில் பிசுபிசுவென ஒட்டுவதும், ஆறியபின் கட்டியாக உறைவதும் ஜெலட்டினால்தான். கொலாஜன் குறைந்த ஈரலுக்கு இந்தக் காத்திருப்பால் பயனில்லை. சில நிமிட வதக்கலே போதும்.

கொலாஜன் கரைய ஆகும் நேரத்தைக் குறைக்கும் கருவியே பிரஷர் குக்கர். எலும்பையும் மென்மையாக்கும் மூடுகலம் ஒன்றைத் டெனி பாபின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679இல் லண்டனில் உருவாக்கினார். கலத்தினுள் அழுத்தம் இருமடங்கானால் நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயர்வதால், கொலாஜன் விரைந்து கரைகிறது. விசிலை எண்ணிச் சமைப்பது வசதியான பழக்கமேயன்றித் துல்லியமான அளவன்று. தீ அதிகமானால் விசில் அடிக்கடி வருமேயொழிய, உள்ளே வெப்பம் பெரிதாக ஏறிவிடாது. முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்து நிமிடக் கணக்கில் வேகவைப்பதே சரி.

சுக்காவின் மணம் வேறு வேதியியலைச் சேர்ந்தது. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் உயர்வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுவல் மணத்தையும் தரும் இவ்வினையை லூயி கமீல் மையார் 1912இல் விவரித்தார். நீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், வெந்த கறியின் நீர் முழுதும் சுண்டிய பிறகே சுக்கா நிறம் மாறுகிறது. முதலில் வேகவைத்துப் பின்னர் வறுக்கும் நம் வீட்டு முறை, இவ்விரு வேலைகளையும் முறையாகப் பிரித்துச் செய்கிறது.

வெப்பம் தவிர, பப்பாளிக்காயிலுள்ள பப்பேயின் என்ற நொதியும் புரதங்களை அறுத்துக் கறியை மிருதுவாக்கும். ஆயினும் அது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே செயல்படுவதால், அளவு மிஞ்சினால் வெளிப்புறம் குழைந்து உட்புறம் அப்படியே இருக்கும்.

ஆகவே, கறிக்கடையில் எடையைச் சொல்வதற்கு முன், குழம்புக்கா, சுக்காவுக்கா, பிரியாணிக்கா என்பதைச் சொல்லி, அதற்கேற்ற பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.