மாநில எல்லை தாண்டி வாங்கும் துப்பாக்கி

2009இல் வர்ஜீனியாவில் புரூஸ் அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். பென்சில்வேனியாவில் இருந்த உறவினருக்காக வாங்கியது அது. போலீஸ்காரர்களுக்கான சலுகை விலையில் கிடைக்குமே என்றுதான் அந்த ஏற்பாடு. உறவினர் முன்கூட்டியே 400 டாலருக்குக் காசோலை அனுப்பி, எதற்கான பணம் என்பதையும் அதிலேயே எழுதியிருந்தார். இருவருக்குமே துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. துப்பாக்கி கைமாறியதும் பென்சில்வேனியாவில் லைசென்ஸ் பெற்ற டீலர் கடையில்தான். உறவினரின் பின்னணி அங்கே சரிபார்க்கப்பட்டது. அப்படியும் அப்ராம்ஸ்கி குற்றவாளியானார். கடையில் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கும். அதற்கு அவர் ‘ஆம்’ என்று குறித்ததே குற்றம். 2014இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இந்த வழக்கைத்தான் முதலில் சொல்வேன். “அண்ணா, உங்க ஸ்டேட்ல விலை கம்மியாமே, ஒண்ணு வாங்கி வைங்க, பணம் அனுப்பிடறேன்” என்று நண்பர் கேட்பதும், மறுக்கத் தயங்கி நாம் தலையாட்டுவதும் நமக்கு வெகு இயல்பு. துப்பாக்கி விஷயத்தில் அந்த உதவியே குற்றமாகிவிடும். தடை உள்ள ஒருவருக்காக இப்படி வாங்கிக் கொடுப்பதற்கு, 2022இல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை உண்டு.

மாநில எல்லை ஏன் இவ்வளவு முக்கியம்? அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிளை லீ ஹார்வி ஆஸ்வால்ட் சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபால் மூலம் வரவழைத்திருந்தார். அது டாலஸில் ஒரு தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968இல்தான் நாடாளுமன்றம் அந்த வழியை அடைத்தது. இன்றைய விதிகளுக்கு அடிப்படை அந்த ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமே.

அதன்படி, வேறு மாநிலக் கடையில் கைத்துப்பாக்கிக்குப் பணம் கட்டலாம், கையோடு எடுத்து வர முடியாது. அந்தக் கடை அதை உங்கள் மாநிலத்தில் உள்ள லைசென்ஸ் டீலருக்கு அனுப்பும். படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் அங்கே முடிந்த பிறகே உங்கள் கைக்கு வரும். இணையத்தில் வாங்கினாலும் இதே வழிதான். ரைஃபிள், ஷாட்கன் ஆகியவற்றுக்கு 1986 முதல் ஒரு தளர்வு உண்டு. வெளிமாநில டீலரிடம் நேரில் போய் வாங்கலாம், ஆனால் அந்த விற்பனை இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் பொருந்த வேண்டும். டீலராக இல்லாத தனிநபர் வேறு மாநிலத்தவருக்கு நேரடியாக விற்கக் கூடாது. துப்பாக்கிக் கண்காட்சியில் மேசை போட்டு விற்றாலும் அப்படித்தான். உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வருவதற்கு மத்திய சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் வந்து சேரும் மாநிலத்தின் சட்டம் அதற்கும் பொருந்தும்.

நியூஜெர்சி எடிசனில் குடியிருப்பவர் டெலாவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே ரைஃபிள் வாங்க முன்கூட்டியே அட்டை எதுவும் வேண்டாம். ஆனால் நியூஜெர்சிக்காரர் தன் ஊர் போலீஸ் மூலம் வாங்குவோர் அடையாள அட்டை பெற்றிருக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் தனி அனுமதியும் தேவை. ஆற்றின் அந்தக் கரையில் நின்றாலும் அவரைத் துரத்தி வருவது அவர் வீட்டு விலாசத்தின் சட்டம். வீடு மாறிவிட்டு டிரைவிங் லைசென்ஸில் விலாசத்தை மாற்றாமல் இருப்பவர்களும் நம்மிடையே நிறைய. தற்போதைய விலாசத்தைக் காட்டும் அரசு ஆவணம் இல்லாவிட்டால் டீலர் விற்க முடியாது.

விசாவில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. எச்1பி, எஃப்1, எல்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் வழங்கப்பட்டு நடப்பில் உள்ள வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு உள்ளது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. வார இறுதியில் நண்பர்களோடு சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்களே, அந்த ஒரு மணி நேரமும் ‘வைத்திருத்தல்’ என்ற கணக்கில் வரும். ஃபுளோரிடாவில் படித்த ஹமீத் ரெஹைஃப் என்ற அமீரக மாணவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு அந்தஸ்தை இழந்த பிறகு அப்படி ஒரு கூடத்தில் சுட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என 2019இல் தீர்ப்பு வந்தது. அதை வைத்து யாரும் நிம்மதியடைய வேண்டாம். தான் விசாவில் இருப்பது யாருக்குத்தான் தெரியாது? சட்டம் தடுக்கிறது என்பது தெரியாது என்ற வாதத்துக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே அது போதுமான காரணம். ஒரு குடிமகன் அபராதத்தோடு தப்பக்கூடிய வழக்கில், கிரீன் கார்டுக்காரர் வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப நேரலாம். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

முறையாக வாங்கிய பிறகும் பயணத்தில் சிக்கல் வரும். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஷனீன் ஆலன், பென்சில்வேனியா தந்த அனுமதியோடு 2013இல் நியூஜெர்சிக்குள் காரில் வந்தார். வண்டியை நிறுத்திய போலீஸிடம், துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். அந்த அனுமதி நியூஜெர்சியில் செல்லாது என்பதால் கைதானார். 2015இல் கவர்னர் மன்னிப்பு வழங்கிய பிறகே அவருக்கு நிம்மதி.

இரண்டு முனைகளிலும் சட்டப்படி வைத்திருக்க முடிந்தால், இடையிலுள்ள மாநிலங்களைக் கடந்து செல்ல மத்திய சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தோட்டா நீக்கப்பட்டு, கைக்கெட்டாத இடத்தில் துப்பாக்கி இருக்க வேண்டும். காரில் டிக்கி இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். டேஷ்போர்டு அறை இதற்கு உதவாது. யூட்டாவைச் சேர்ந்த கிரெக் ரெவெல் 2005இல் நியூஜெர்சியின் நூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதை முறைப்படி அறிவித்தபோது கைது செய்யப்பட்டார். இரவில் பெட்டி அவர் கைவசம் இருந்ததால் பாதுகாப்பு போய்விட்டது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இப்படி மாட்டிக்கொள்பவர்கள் பெட்டியைப் பெறுவதற்கு முன்பே விமான நிலைய அதிகாரிகளையோ போலீஸையோ அணுகலாம் என்ற வழியையும் அந்தத் தீர்ப்பு காட்டியது.

பின்னணிச் சோதனையில் தவறாக மறுக்கப்பட்டால் பதறிப்போய் வேறு கடையில் முயல வேண்டாம். டீலரிடம் அந்தச் சோதனையின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து எஃப்.பி.ஐ.யிடம் மேல்முறையீடு செய்யலாம். சில மாநிலங்களில் மாநில போலீஸிடம். பெயர்க் குழப்பம் நம்மவர்களுக்குப் புதிதில்லை. அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும், இனிஷியல் விரிந்திருக்கும். அடிக்கடி இப்படித் தடை வந்தால் எஃப்.பி.ஐ.யின் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பில் பதிந்து தனி அடையாள எண் பெறலாம். அடுத்த முறை படிவத்தில் அதைக் குறித்தால் போதும்.

வழக்கே வந்துவிட்டால், போலீஸிடம் விளக்கம் சொல்ல முனையாமல் வக்கீல் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அரசுத் தரப்பு சின்ன தண்டனைக்குப் பேரம் பேசும்போது, ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று குடிமகன் அல்லாத கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் பாடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவர் காகிதத்தைப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.