ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லையா? பழுது வயரிலா, காதிலா?

ஊரிலுள்ள உறவுகளுடன் கதைப்பதற்கும், பிள்ளைகளின் இணையவழி வகுப்புகளுக்கும், படம் பார்ப்பதற்கும் கணனியில் ஹெட்போன் மாட்டுவது எங்கள் வீடுகளில் வழமையாகிவிட்டது. அதனுடன் கூடவே "ஒரு பக்கம் சரியாகக் கேட்குதில்லை" என்ற முறைப்பாடும் வருகிறது. வயர்க் கோளாறைக் காது நோய் என்று நினைத்துப் பயப்படுவோர் உண்டு. காதில் வந்த நோயை வயர்க் கோளாறு என்று விட்டுவிட்டுப் பிந்தி வருவோரும் உண்டு. இதில் இரண்டாவதுதான் ஆபத்தானது.

முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை

ஹெட்போனின் இடது பக்கத்தை வலது காதிலும், வலது பக்கத்தை இடது காதிலும் மாற்றி அணியுங்கள். குறைபாடு மற்றக் காதுக்கு மாறினால் பழுது ஹெட்போனிலோ வயரிலோ கணனியிலோ இருக்கிறது. அதே காதில்தான் இன்னும் குறைவாகக் கேட்கிறது என்றால் காதைக் கவனிக்க வேண்டும்.

வயரில் என்றால்

வழமையான ஹெட்போன் பிளக் 3.5 மி.மீ. அளவுள்ளது. அதிலுள்ள மெல்லிய வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் ஒலி கேட்பதற்கு மட்டும். மூன்று வளையம் என்றால் மைக்கும் சேர்ந்தது.

மேசைக் கணனிகள் பலவற்றில் பச்சைத் துளை ஹெட்போனுக்கு, இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு, இளநீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுப்பதற்கு. மூன்று வளையப் பிளக்கைப் பச்சைத் துளையில் மட்டும் செருகினால் உங்களுக்குக் கேட்கலாம். உங்கள் குரல் மறுபக்கம் போகாது. இதற்கு ஒரு பெண் துளையும் இரண்டு பிளக்கும் உள்ள பிரிப்பு வயர் தேவை. ஒரே ஒலியை இரண்டு பேர் கேட்பதற்கான, ஒரு பிளக்கும் இரண்டு துளைகளும் உள்ள வயரும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும். கடையில் மாறி வாங்கிவிடாதீர்கள்.

பிளக் முழுவதும் உள்ளே போகாவிட்டால் ஒரு பக்கம் நின்றுவிடலாம். அல்லது பேசுபவரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்கும். அப்போது ஒலியைக் கூட்டாமல் பிளக்கை அழுத்திச் செருகுங்கள். துளையே இல்லாத புதிய கணனிகளுக்கு யூ.எஸ்.பி. ஹெட்போன் அல்லது யூ.எஸ்.பி. ஒலி இணைப்பி வாங்கலாம். அதை மாட்டிய பின் கணனியின் ஒலி அமைப்பில் அதைத் தெரிவு செய்ய வேண்டும். இடது, வலது அளவு சமமாக உள்ளதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

ஒலியைக் கூட்டும் பழக்கம்

ஹவுன்ஸ்லோவில் வாழும் எங்களுக்கு ஹீத்ரோ விமானங்களின் இரைச்சல் புதிதல்ல. ஹவுன்ஸ்லோ ஹீத் பாலர் பாடசாலை முற்றத்தில், பிள்ளைகள் இரைச்சலில் இருந்து ஒதுங்குவதற்கென்றே மண்மூட்டைகளால் கூம்புக் குடில்கள் கட்டப்பட்டன. விமானம் போகும்போது ஹெட்போன் ஒலியைக் கூட்டுகிறோம். அது போன பின் குறைக்க மறந்துவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது: 83 டெசிபலில் 20 மணி, 90 டெசிபலில் ஏறத்தாழ 4 மணி மட்டுமே. உட்காதின் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே ஒலியை 60 வீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் வெளி இரைச்சலைத் தடுப்பதால் குறைந்த ஒலியே போதுமாகும்.

காதில் என்றால்

ஒரு காதின் கேள்திறன் திடீரென, அல்லது மூன்று நாட்களுக்குள், குறைந்தால் அது அவசர நிலை. அன்றே உங்கள் ஜீ.பி.யை அழையுங்கள்; மூடியிருந்தால் 111ஐ அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் காது நிபுணர் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவு பார்க்க வேண்டிய நோய் இது. ஸ்டீரொயிட் மருந்தை வேளைக்கே தொடங்கினால் கேள்திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம். "வயரை மாற்றிப் பார்ப்போம்" என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மெல்ல மெல்லக் குறைவதற்குக் காரணம் வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். கொட்டன் பட் போட்டுக் குடையாதீர்கள். அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். எங்களில் பலர் போர்க்காலத்தில் ஷெல் வெடிப்புகளுக்கு அருகில் இருந்தவர்கள். வெடி அதிர்ச்சியும் காதைப் பாதிக்கும். "அது பழைய கதை" என்று மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒரு காது நிரந்தரமாகக் கேட்காதவர்கள் கணனி அமைப்பில் 'மோனோ' ஒலியைத் தெரிவு செய்தால் இரு பக்க ஒலியும் நல்ல காதுக்கே வரும். காதுக்குப் பின்னால் கேள்கருவி அணிபவர்களுக்குக் கருவியையும் சேர்த்து மூடும் பெரிய ஹெட்போன் பொருத்தம்.

வீட்டில் அம்மாவோ அப்பாவோ தொலைபேசி அழைப்புகளில் வெறுமனே தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்களா? இந்த வார இறுதியில் அவர்களின் ஹெட்போனை மாற்றி அணிவித்துப் பாருங்கள். வயர் என்றால் சில பவுண்களில் தீரும். காது என்றால் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டுமா என்பதை மேலே சொன்னபடி தீர்மானியுங்கள்.