தைரொயிட் குளிசை: எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது?

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருப்பது தைரொயிட் சுரப்பி. உடல் எவ்வளவு வேகமாக இயங்கவேண்டும் என்பதை இதில் ஊறும் தைரொக்சின் தீர்மானிக்கிறது. இது குளத்துத் துருசைப் போன்றது. குறைவாகத் திறந்தால் பயிர் வாடும்; மிகையாகத் திறந்தால் பயிர் அழுகும். அதுபோல், சுரப்புக் குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல் என்பன ஏற்படும். மிகைத்தால் நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, உடல் மெலிதல் என்பன தோன்றும்.

சுரப்புக் குறைந்தவர்களுக்குத் தருவது தைரொக்சின் குளிசை. மிகைத்தவர்களுக்குப் பெரும்பாலும் தருவது காபிமசோல். இரண்டையும் "தைரொயிட் குளிசை" என்றே நாம் சொல்கிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தைரொக்சினை நம் எண்ணப்படி நிறுத்தக்கூடாது. காபிமசோலையோ சில அறிகுறிகள் கண்டவுடனே நிறுத்தவேண்டும்.

பொரளைக்கு அண்மையிலுள்ள கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு வந்து, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உறவினர் வீட்டில் தங்கி, மாதக் கணக்குக் குளிசையுடன் திரும்பிச் செல்வோர் நம்மிடையே உண்டு. இருக்கும் இடத்துக்குத் திரும்பியபின் ஏதும் கோளாறு வந்தால், உடனே கேட்க அந்த வைத்தியர் அருகில் இருக்கமாட்டார். ஆகவே வீட்டிலுள்ள எல்லோரும் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

தைரொக்சின் எடுப்போர்

உடலில் ஊறவேண்டியதையே இக்குளிசை ஈடுசெய்கிறது. எனவே அளவு சரியாக இருந்தால் பக்கவிளைவு மிகக் குறைவு. படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை, வயிற்றோட்டம் என்பன வந்தால் பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்பதே பொருள். குளிசையைக் கைவிடாமல் கிளினிக்குக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்து அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். அளவு மாற்றியபின் அதன் முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். தொடக்க மாதங்களில் முடி கொட்டலாம். அது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஆனால் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், சிறப்பாக முதியோருக்கு வந்தால், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் குளிசையை விழுங்குங்கள். தேநீருக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியம் குளிசையும் தைரொக்சினை உடல் உறிஞ்சவிடாது தடுக்கும். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு வழங்கப்படும் திரிபோஷாவில் சோயா சேர்ந்திருப்பதால், அதையும் காலையில் உண்ணாமல் பிற்பகலில் உண்பது நன்று. கர்ப்ப காலத்தில் தைரொக்சின் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். எனவே கர்ப்பம் எனத் தெரிந்ததும் கிளினிக்குக்கு அறிவியுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள்.

ஒருநாள் மறந்துவிட்டால் அஞ்சவேண்டாம். இம்மருந்து உடலில் பல நாள் தங்கியிருக்கும். அன்றே நினைவு வந்தால் எடுங்கள். மறுநாள் இரட்டிப்பாக எடுக்கவேண்டாம்.

காபிமசோல் எடுப்போர்

சிறு அரிப்பு, வயிற்றுக்குமட்டல், மூட்டுநோ என்பன சிலருக்கு வரும். இவற்றை அடுத்த கிளினிக்கில் சொல்லலாம். ஆனால் ஆயிரத்தில் ஒருசிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் திடீரெனக் குறைந்துவிடும். தொண்டைநோ, காய்ச்சல், வாய்ப்புண் என்பனவே அதன் அடையாளம்.

நெருக்கமாக வாழும் இடங்களில் தொண்டைநோவும் காய்ச்சலும் எப்போதும் சுற்றிவரும். "தடிமன் காய்ச்சல்தானே" என்று மல்லித்தண்ணீர் குடித்துப் படுத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். காபிமசோல் எடுப்பவர் அக்குளிசையை அப்போதே நிறுத்திவிட்டு, அன்றே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, "நான் காபிமசோல் எடுக்கிறேன், இரத்தத்தைப் பரிசோதிக்கவேண்டும்" என்று சொல்லவேண்டும். கண் மஞ்சளானாலும் சிறுநீர் கடுமையாக நிறம் மாறினாலும் இவ்வாறே செய்யவேண்டும். வெண்குருதிக் கலங்கள் குறையவில்லை எனத் தெரிந்தால், வைத்தியர் சொன்னபின் குளிசையைத் தொடரலாம்.

இம்மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். குழந்தை பெற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறவேண்டும். கருத்தரித்தது தெரிந்தால் கிளினிக் நாள்வரை காத்திராது உடனே செல்லவேண்டும்.

இடம் மாறும்போது

கிளினிக் கொப்பியை அடையாள அட்டையுடன் சேர்த்துப் பொலித்தீன் பையில் வையுங்கள். கொப்பி தொலைந்தாலும் சொல்லக்கூடியதாக, மருந்தின் பெயரையும் அளவையும் மனப்பாடம் செய்யுங்கள். கம்பனிக்குக் கம்பனி வணிகப் பெயர் மாறும். மருந்தின் மூலப்பெயர் மாறாது. மருந்துகளை மூலப்பெயரால் வழங்கவேண்டும் என்று நம் நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவரது முயற்சியின் பயன். தைரொக்சின் மைக்கிரோகிராமிலும் காபிமசோல் மில்லிகிராமிலும் அளக்கப்படும்.

தகரக் கூரையின் கீழ் வெப்பம் கூடும். வெப்பமும் ஈரமும் தைரொக்சினைப் பழுதாக்கும். குளிசைகளை அவற்றின் உறையிலேயே வைத்து, மூடியுள்ள டப்பாவில் இட்டு, தண்ணீர்ப் பானைக்கு அருகே நிழலான இடத்தில், ஈரம் படாமல் வையுங்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாகியது. அது கழலை வராமல் காக்கும். ஆனால் குளிசைக்கு ஈடாகாது. மரவள்ளியும் கோவாவும் தைரொயிட்டுக்கு ஆகாதென அஞ்சி முற்றாக ஒதுக்கவேண்டியதில்லை. நன்கு அவித்து, மற்ற உணவுகளுடன் அளவாக உண்ணலாம்.

உங்கள் அயலில் தனித்து வாழும் முதியவர் எந்தக் குளிசை எடுக்கிறார் என்பதை இன்றே கேட்டறியுங்கள். அது காபிமசோலாயின், காய்ச்சல் வரும் நாளில் அவரை யார், எந்த வாகனத்தில் கொண்டுசெல்வது என்பதையும் அன்பியக் கூட்டத்தில் பேசி முடிவுசெய்து வையுங்கள்.