அரை லிட்டர் மூச்சு

வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், கரீபியக் கடலில் இருக்கிறது பொனேர். நெதர்லாந்தின் ஆளுகையில் உள்ள சின்னத் தீவு. அதன் கடலோரச் சாலையில் போனால் ஆங்காங்கே மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் தென்படும். ஒவ்வொரு கல்லிலும் ஓர் இடப்பெயர். கல்லருகே வண்டியை நிறுத்தி, முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு நடந்தே கடலில் இறங்கலாம். படகு வேண்டாம். சில நிமிடம் நீந்தினால் காலடியில் பவளப்பாறை.

ஆனால் புதிதாக வந்தவர் நேரே அப்படி இறங்கிவிட முடியாது. தீவைச் சுற்றியுள்ள கடல், ஒரு பாதுகாக்கப்பட்ட பூங்கா. முதல் நாள் அதன் விதிகளைக் கேட்க வேண்டும். பிறகு கரையோரத்தில் ஒரு சோதனை முக்குளிப்பு. மிதக்கவும் இல்லாமல் அமிழவும் இல்லாமல் நீரின் நடுவில் ஒரே மட்டத்தில் நிற்கத் தெரிகிறதா என்பதே அங்கே தேர்வு. கேட்பதற்கு எளிது. இயற்பியல் அதை எளிதாக விட்டுவைக்கவில்லை.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. முக்குளிப்பவரின் ஜாக்கெட்டில் அடைத்திருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. உடம்போடு ஒட்டிய ரப்பர் நுரை உடையும் நசுங்குகிறது. கன அளவு குறைந்ததும் மிதப்புவிசை குறையும். ஆள் இன்னும் அமிழ்வார். அமிழ்ந்ததும் காற்று மேலும் சுருங்கும். மேலே எழும்போது எல்லாம் தலைகீழ். கத்தி முனையில் கோலிக்குண்டை நிறுத்துவதுபோல, இந்தச் சமநிலை தானாக நிற்காது. கணந்தோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

திருத்தும் கருவி நுரையீரல். சாதாரணமாக இழுக்கும் ஒரு மூச்சு ஏறத்தாழ அரை லிட்டர். அது நெஞ்சை விரிக்கும்போது அரை கிலோ எடை குறைந்ததுபோல உடம்பு மெல்ல எழுகிறது. வெளியே விட்டால் தாழ்கிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: மூச்சை இழுத்த உடனே உடல் எழாது, ஓரிரு விநாடி தாமதிக்கும். அந்த இடைவெளியைப் பொறுக்க முடியாத புதியவர் பதறி ஜாக்கெட்டுக்குள் காற்றை அடைத்துக்கொள்வார், ஜிவ்வென்று மேலே போவார், பயந்து காற்றை வெளியேற்றுவார், கீழே விழுவார். விழும் இடம் பவளமாக இருக்கலாம். கைதேர்ந்தவர் மூச்சை அடக்காமல், சீராக, வேண்டிய அளவு இழுத்து விட்டபடி அசையாமல் நிற்பார். மனிதர் கற்றுக்கொள்ளும் நாகரிகங்களில் இதை மிக அழகான ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

ஒரு கை பட்டால் என்ன ஆகிவிடும்? பார்வைக்குப் பாறைதான். அதன் மேற்பரப்பில் மட்டும், மெல்லிய தோல்போல, பாலிப் என்னும் சிற்றுயிர்கள் வாழ்கின்றன. அவற்றின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியிலிருந்து உணவு சமைத்துக் கொடுக்கிறது. அந்தத் தோலுக்கு அடியில் இருப்பது கூர்மையான சுண்ணாம்புக் கூடு. நம் விரல் மேலிருந்து அழுத்தும்போது திசு இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கிழிகிறது. புண்ணில் பாசி பற்றும், நோய் நுழையும். உருண்டையாக வளரும் பெரும் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒன்று, நம் பாட்டனார் பிறக்கும் முன்பே அங்கே இருந்திருக்கும்.

பொனேர் இதைத் தாமதமின்றி உணர்ந்தது. 1971-இல் ஈட்டியால் மீன் குத்துவதைத் தடை செய்தது. 1975-இல் பவளத்தை எடுப்பதை. 1979-இல் தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை முழுக் கடலும் பூங்காவானது. நங்கூரம் போடக் கூடாது. படகுகளை நிலையான மிதவைகளில்தான் கட்ட வேண்டும். கையுறைக்கும் தடை. கையுறை போட்ட கை எதையும் துணிந்து பற்றும் என்பதே காரணம். இடையில் பணம் தீர்ந்துபோய்ப் பூங்கா சில ஆண்டுகள் பெயரளவில் கிடந்தது. 1992-இல் முக்குளிக்க வருவோர் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 10 டாலர் வாங்கத் தொடங்கிய பிறகே அது மீண்டும் நிமிர்ந்தது.

விதிகளை ஒருமுறை சொல்லிவிட்டால் போதுமா? அதே கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் ஆய்வாளர்கள் 353 பேரை நீருக்கடியில் பின்தொடர்ந்து கவனித்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நால்வரில் மூவர் ஒருமுறையாவது பவளத்தைத் தொட்டுவிட்டனர். தொடுதல்களில் ஐந்தில் நான்கு பங்கு காலில் மாட்டிய துடுப்பால். பலருக்கு இடித்ததே தெரியாது. கேமரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு தொட்டார்கள். இறங்குமுன் சொன்ன சுருக்கமான அறிவுரையால் பலன் காணவில்லை. நீருக்குள் கூட வந்த வழிகாட்டி அங்கேயே குறுக்கிட்டுத் திருத்தியபோதுதான் தொடுதல் குறைந்தது. வழிகாட்டியின் கண் எட்டும் அளவில் குழுவைச் சிறிதாக வைப்பதுதான், என் பார்வையில், எந்த அறிவிப்புப் பலகையையும்விட மேலான பாதுகாப்பு.

பொனேரில் 1990களில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முக்குளிப்போர் அதிகம் இறங்கிய இடங்களில், அவர்கள் இறங்கக் கூடாத ஒதுக்குப் பகுதிகளைவிட, பழைய பெரும் பவளங்கள் கூடுதலாகக் குறைந்திருந்தன. உடைந்த கிளைகள் கண்ணில் படுவது சொற்பம். சிறு சிறு உராய்வுகளின் கணக்கு ஆண்டுகள் கழித்தே தெரிகிறது.

2023-இல் அதைவிடக் கொடியது வந்து சேர்ந்தது. 2014-இல் ஃப்ளோரிடாவில் முதலில் கண்டறியப்பட்டு, தீவு தீவாகப் பரவிய பவளத் திசுச் சிதைவு நோய் அது. இருபதுக்கும் மேற்பட்ட கற்பவள இனங்களைத் தாக்குகிறது. நூறாண்டு வளர்ந்த மூளைப் பவளத்தின் உயிர்த்தோல் சில வாரங்களில் உரிந்து, வெள்ளைச் சுண்ணாம்பு மிஞ்சுகிறது. நீரோட்டம் அதைச் சுமந்து போகிறது. முக்குளிப்பவரின் ஈர உடையும் சுமக்கக் கூடும்.

அதனால் இப்போது கரையேறியதும் உடை, துடுப்பு, முகமூடி எல்லாவற்றையும் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். பவளத்தின்மேல் படாமல் தங்களைத் தாங்கி நிறுத்திய அந்த ஜாக்கெட்டையும் விடுவதில்லை. அதன் காற்றுப்பைக்குள் சில மடக்குக் கடல்நீர் புகுந்திருக்கும். உள்ளே மருந்து நீரை ஊற்றி, குலுக்கி, கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை வடித்த பிறகே அடுத்த மஞ்சள் கல்லுக்கு வண்டியைக் கிளப்புகிறார்கள்.